உள்ளங்கைக் கணினியும் வீட்டுத் திரையும்

இன்று கடையில் வாங்கும் டி.வி. எதுவானாலும் அதற்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. அது போதாதென்றால் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படியிருக்க, 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மின்னணுப் பலகையை வாங்கி, அதற்கென்று பெட்டி, சார்ஜர், மெமரி கார்டு, கேபிள் எல்லாம் தனித்தனியாகத் தேடிச் சேர்த்து, டி.வி.க்குப் பின்னால் பொருத்தி, அதில் படம் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு, எதற்கு? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதற்குச் சுலபமான பதில் இருந்தது. இன்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பதெல்லாம் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்கள்தான் என்றால் இந்தப் பலகை உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கே சொந்தமான கோப்புகள் வீட்டில் நிறைய இருந்தால், அதாவது கல்யாண வீடியோ, குழந்தைகளின் வீடியோ, காசு கொடுத்து வாங்கிய டிவிடிகள், பாட்டுத் தொகுப்பு என்று சேர்ந்துகிடந்தால், இது இன்னும் நல்ல வழி. இடையில் உள்ள சங்கதிகள் கொஞ்சம் சிக்கலானவை.

கதை பலகையில் தொடங்கவில்லை, ஒரு விளையாட்டுப் பெட்டியில் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 எம்.பி. நினைவகமும் இருந்தன. அதன் பூட்டைத் திறந்து, அதைப் படம் ஓட்டும் கருவியாக மாற்ற ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்தான் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர், சுருக்கமாக எக்ஸ்பிஎம்சி. காலப்போக்கில் அது எக்ஸ்பாக்ஸை விட்டுவிட்டு லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என்று பரவியது. பெயரில் மட்டும் பழைய பெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததால் 2014இல் ‘கோடி’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். இன்று சந்தையில் உள்ள பிளெக்ஸ்கூட 2008 வாக்கில் இதிலிருந்து மேக் கணினிக்காகப் பிரிந்து போன கிளைதான்.

‘கோடி’ செய்யும் வேலை இது: ஹார்ட் டிஸ்க்கில் குவிந்துகிடக்கும் கோப்புகளைத் தேடி எடுத்து, இணையத் தரவுத்தளத்திலிருந்து சுவரொட்டி, நடிகர் பெயர், கதைச்சுருக்கம் எல்லாம் இழுத்துவந்து, சோபாவில் சாய்ந்தபடி ரிமோட்டால் தேர்ந்தெடுக்கும்படி அடுக்கித் தருகிறது. மவுஸ், கீபோர்டு இல்லாமல் பத்தடி தூரத்திலிருந்து இயக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதுதான் அதன் பலம்.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்ற நோக்கில் உருவான 35 டாலர் பலகை. பிள்ளைகள் நிரல் எழுதினார்களோ இல்லையோ, பெரியவர்கள் அதில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்.பி. நினைவகமும் கொண்ட அந்தப் பலகையில் ஒரு இணையப் பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் 1080பி தெளிவுள்ள படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. எப்படி?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தத் துறையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வீடியோ கோப்பு என்பது சுருக்கிக் கட்டப்பட்ட தரவு. அதை நொடிக்கு 24 அல்லது 25 முறை விரித்துத் திரையில் போட வேண்டும். பொதுச் செயலியைக் கொண்டு விரிப்பது ஒரு வழி. அதற்கு வேகம் வேண்டும், சூடும் ஏறும். விரிப்பதற்கென்றே சில்லுக்குள் தனிச் சுற்று ஒன்றை வைப்பது இன்னொரு வழி. ராஸ்பெரி பையின் பிராட்காம் சில்லில் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவுக்கு அப்படி ஒரு தனிச் சுற்று இருந்தது. படம் ஓடும்போது செயலி கிட்டத்தட்ட சும்மா இருந்தது.

ஆகவே இந்தப் பலகைகளில் ‘எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம்’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். ‘எந்தெந்தச் சுருக்கு முறையை வன்பொருளே விரிக்கும்’ என்பதே முதலில் கேட்க வேண்டியது. அதற்கான பதில் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுவதில்லை, காப்புரிமைக் கணக்கும் அதில் இருக்கிறது. டிவிடியில் உள்ள எம்பெக்-2 முறையை விரிக்கும் திறன் முதல் ராஸ்பெரி பையின் சில்லுக்குள் இருந்தது. ஆனால் அதன் உரிமக் கட்டணத்தை ஒவ்வொரு பலகையின் விலையிலும் ஏற்றினால் 35 டாலர் கட்டுப்படியாகாது என்று அதைப் பூட்டியே விற்றார்கள். வேண்டியவர்கள் 2012 ஆகஸ்ட் முதல் 2.40 பவுண்டு கட்டி, தங்கள் பலகையின் வரிசை எண்ணைக் கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ளலாம். விசி-1 என்ற இன்னொரு முறைக்கு 1.20 பவுண்டு. கையில் இருக்கும் சில்லில் உள்ள திறமையைத் தனியாகக் காசு கொடுத்துத் திறந்துகொண்ட விசித்திரமான காலம் அது.

2015இல் நான்கு கோர்களுடன் இரண்டாம் பை வந்ததும் டிவிடித் தெளிவுள்ள எம்பெக்-2 படத்தைச் செயலியே சமாளித்துவிட்டது; சாவிக்குத் தேவை குறைந்தது. 2019 ஜூனில் வந்த நான்காம் பைதான் பெரிய தாவல். புதிய ஹெச்இவிசி முறையில் சுருக்கிய 4கே படத்தை நொடிக்கு 60 சட்டம் (ஃப்ரேம்) வரை விரிக்கும் தனிச் சுற்று அதில் வந்தது. 2023இல் வந்த ஐந்தாம் பை ஒரு வகையில் பின்னோக்கிப் போனது. ஹெச்இவிசிச் சுற்றை வைத்துக்கொண்டு, எச்.264 சுற்றை எடுத்துவிட்டார்கள். செயலி போதுமான வேகத்தில் இருக்கிறது, அதுவே விரித்துக்கொள்ளும் என்பது வாதம். 1080பி வரை அந்த வாதம் செல்லும்.

எங்கே செல்லாது என்றால், செல்போனிலும் டிரோனிலும் 4கே தெளிவில் எச்.264 முறையில் எடுத்த குடும்ப வீடியோக்களில். நான்காம் பையின் எச்.264 சுற்று 1080பி தெளிவோடு நின்றுவிடுகிறது. ஆகவே அப்படி எடுத்த 4கே வீடியோ அதில் விக்கி விக்கி ஓடும். ஐந்தாம் பை ஓரளவு தாங்கும், ஆனால் மின்விசிறி சத்தம் போடத் தொடங்கும். போனின் கேமரா அமைப்பில் ஹெச்இவிசி முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. யூடியூப் பெரிதும் பயன்படுத்தும் விபி9, ஏவி1 முறைகளுக்கு எந்த ராஸ்பெரி பையிலும் தனிச் சுற்று கிடையாது. யூடியூபை 4கே தெளிவில் பார்ப்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால் டி.வி.யில் உள்ள யூடியூப் செயலியே மேல்.

மென்பொருள் நிறுவுவது, இவ்வளவு பேசிய பிறகு, அதிசயிக்கும்படி எளிது. லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் ஓப்பன்எலெக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்தது. ‘கோடி’யை இயக்க எவ்வளவு லினக்ஸ் தேவையோ அவ்வளவு மட்டும் உள்ளது, வேறொன்றும் இல்லை. கோப்பைப் பதிவிறக்கி, கணினி வழியாக மெமரி கார்டில் எழுதி, பலகையில் செருகி, மின்சாரம் கொடுத்தால் வரவேற்புத் திரை வந்துவிடும். இதையே டெபியன் லினக்ஸின் மேல் கட்டிய ஓஎஸ்எம்சியும் இருக்கிறது. படம் பார்ப்பதோடு வேறு மென்பொருளும் அதே பலகையில் ஓட வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும். வீட்டில் எல்லோரும் கையாள வேண்டிய கருவி என்றால் என் ஓட்டு லிப்ரெஎலெக்குக்குத்தான். அதன் இயங்குதளப் பகுதி படிக்க மட்டுமே முடியும்படி வைக்கப்பட்டிருப்பதால், யாராவது எதையாவது தட்டிவிட்டுக் கெடுப்பது கடினம்.

ரிமோட்டுக்குத் தனியாகச் செலவு தேவையில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் சிஇசி என்ற ஒரு தடம் உண்டு. அதன் வழியாக டி.வி. ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்களே ‘கோடி’யையும் இயக்கும். டி.வி. நிறுவனங்கள் இதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் மறைத்துவைத்திருக்கின்றன: சாம்சங் அனிநெட்+ என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டி.வி. அமைப்புக்குள் போய் இதை இயக்கிவிட வேண்டும். நான்காம், ஐந்தாம் பைகளில் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உள்ளன. மின் இணைப்புத் துளைக்கு அடுத்ததாக இருப்பதில் செருகினால் குழப்பம் குறையும்.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் அல்லல்படுவது மென்பொருளில் இல்லை, மின்சாரத்தில்தான். வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். இன்னும் சிலர் டி.வி.யின் யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்கள். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். அதைக் கண்டும் காணாமல் இருந்தால் படம் தடுமாறும், ஹார்ட் டிஸ்க் நடுவில் அணைந்து எழும், ஒருநாள் மெமரி கார்டு படிக்க முடியாமல் போகும். ஐந்தாம் பைக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். அதைவிடக் குறைந்த சார்ஜரைக் கண்டால் பலகை தன் யுஎஸ்பி துளைகளுக்குத் தரும் மின்னோட்டத்தை மொத்தம் 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும்; அதில் ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கே முக்கி முனகும். பலகையில் காட்டும் சிக்கனத்தைச் சார்ஜரில் காட்டாதீர்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இன்னொரு கவலை. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் நூலகத் தரவுத்தளம் சிதையும். படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் எது பார்த்தது, எது பாதியில் நிற்கிறது என்ற குறிப்பெல்லாம் போய்விடும். லிப்ரெஎலெக்கின் அமைப்புப் பக்கத்திலேயே காப்புப்பிரதி எடுக்கும் வசதி உண்டு. எடுத்து வையுங்கள். மின்கட்டணத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை: 5 வாட் என்று கொண்டால், இரவு பகல் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்.

படங்களை எங்கே வைப்பது? ஒரே டி.வி. என்றால் பலகையிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வீட்டில் இரண்டு மூன்று திரைகள் என்றால்தான் கேள்வி திரும்புகிறது. அப்போது கோப்புகள் ஓரிடத்தில் இருந்து, வலைப்பின்னல் வழியாக ஒவ்வொரு திரைக்கும் போக வேண்டும். இங்கேதான் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சேவையக மென்பொருள்கள் வருகின்றன. ஜெல்லிஃபின் 2018இன் இறுதியில், எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிவிட்டதால் கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் தொடங்கியது. முழுக்க இலவசம், திறந்த மூலம்.

இவற்றைச் சின்னப் பலகையில் ஓட்டலாமா என்றால், ஒரு நிபந்தனையோடு ஓட்டலாம். பார்க்கும் கருவி கோப்பை இருக்கிறபடியே வாங்கி விரித்துக்கொள்ளுமானால் பலகைக்கு வேலை மிகக் குறைவு. கோப்பை எடுத்து அனுப்புவதோடு சரி. ஆனால் பேரன் தன் பழைய போனில் அதே 4கே படத்தைக் கேட்டால், சேவையகம் அதை விரித்து, சிறிதாக்கி, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். இந்த மறுசுருக்கம் பலகையின் முதுகை ஒடிக்கும். ஐந்தாம் பையில் சுருக்குவதற்கான வன்பொருளே கிடையாது. இந்தத் தேவை உள்ள வீட்டில் இன்டெல் என்100 செயலி கொண்ட சிறு கணினிதான் சரி. அதில் விரிக்கவும் சுருக்கவும் தனிச் சுற்றுகள் உள்ளன, மின்செலவும் அதிகமில்லை. பலகை சிறந்த ஆட்டக்காரர். அதைச் சமையல்காரராகவும் ஆக்கப் பார்ப்பதில்தான் பலருடைய ஏமாற்றம் தொடங்குகிறது.

வலைப்பின்னலைப் பற்றிச் சுருக்கமாக: டிவிடிப் படம் நொடிக்கு 10 மெகாபிட்டுக்குள் அடங்கும், சாதாரண புளூரே 40 மெகாபிட் வரை போகும், 4கே புளூரே 100 மெகாபிட்டைத் தாண்டுவதுண்டு. முதல் இரண்டுக்கு வைஃபை போதும். மூன்றாவதற்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

தமிழ்ப் படங்களை அடுக்க முற்படுபவர்களுக்கு மட்டும் நேரும் சில சங்கடங்கள் உண்டு. ‘கோடி’ படத்தின் பெயரைப் பார்த்துத்தான் தரவுத்தளத்தில் தேடுகிறது. நம்மவர்களோ பழைய வெற்றிப் படங்களின் பெயர்களைத் திரும்பத் திரும்ப வைப்பவர்கள். 1980இல் ஒரு ‘பில்லா’, 2007இல் இன்னொன்று. ‘தில்லு முல்லு’ 1981இலும் 2013இலும். ‘நான் அவனில்லை’ 1974இலும் 2007இலும். கோப்பின் பெயரில் ஆண்டைச் சேர்க்காவிட்டால் ரஜினியின் படத்துக்கு அஜித்தின் சுவரொட்டி வந்து நிற்கும். ஆண்டைப் பிறைக்குறிக்குள் போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. அதற்கடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல்: ஆங்கில எழுத்தில் ஒரே தமிழ்ப் பெயரை நாலு விதமாக எழுதலாம் என்பதால் தரவுத்தளம் எந்தக் கூட்டலை வைத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்து அதன்படி கோப்புக்குப் பெயரிடுவதுதான் வழி.

தமிழ் சப்டைட்டில் கோப்புகள் யூனிகோடில், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால் திரையில் குப்பைதான் தெரியும். யூனிகோடில் இருந்தும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோளாறு எழுத்துருவில். தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைச் சேர்த்து அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படம் ஓடுகிறது, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசாக உதறுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. பலகையின் வேகக்குறைவு என்று நினைத்துப் புதிதாக வேறு வாங்கியவர்களும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டம், டி.வி. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைச் சட்டத்தைக் காட்ட முடியாது என்பதால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. அந்த ஒழுங்கின்மைதான் உதறல். ‘கோடி’யின் வீடியோ அமைப்பில், படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் விருப்பம் இருக்கிறது. அதை இயக்கினால், ஒத்துழைக்கும் டி.வி. 24 ஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும், உதறல் நிற்கும். டி.வி.க்குள் உள்ள செயலிகள் பலவற்றில் இந்த வசதி ஒழுங்காக வேலை செய்வதில்லை. படத்தைப் படமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஓடிடி விஷயத்தில் பலகை தோற்றுப்போகிறது, ஒளிப்பதில் பயனில்லை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை தங்கள் படங்களை வைட்வைன் என்ற பூட்டோடு அனுப்புகின்றன. அதன் உயர்நிலைச் சான்று பெற்ற கருவிகளுக்கே முழுத் தெளிவு. ராஸ்பெரி பைக்கு அந்தச் சான்று இல்லை. பிரவுசர் வழியாகவோ துணைநிரல் வழியாகவோ ஓட்டினாலும் தெளிவு குறைந்தே வரும், எந்த நாள் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. முந்நூறு ரூபாயோ அறுநூறு ரூபாயோ சந்தா கட்டுபவர் மங்கலான படத்தை ஏன் பார்க்க வேண்டும்? அதற்கு டி.வி.யின் செயலியையே பயன்படுத்துங்கள். இரண்டும் ஒரே திரையில் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

திருட்டுப் படங்களின் நிழல் ‘கோடி’யின் மேல் நெடுநாளாக விழுந்திருக்கிறது. மென்பொருள் தன்னுடன் ஒரு படத்தையும் தருவதில்லை. திருட்டுத் தளங்களை இழுத்துவரும் துணைநிரல்களை வெளியார் எழுதினார்கள், அவற்றை நிறுவிய பெட்டிகளை வியாபாரிகள் விற்றார்கள். நெதர்லாந்தில் அப்படிப் பெட்டி விற்ற ஒருவரின் வழக்கில், அந்த விற்பனையே பதிப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்வதற்கும் பரப்புவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு. ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று சொல்லி விற்கும் பெட்டியைக் கண்டால் விலகிப் போங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பெட்டிக்குள் வேறு என்ன ஓடுகிறது என்று வாங்குபவருக்குத் தெரியப்போவதில்லை.

போட்டிப் பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்லாஜிக் சில்லு கொண்ட கொரியாவின் ஓட்ராய்டு, ராக்சிப் சில்லு கொண்ட சீனாவின் ஆரஞ்சு பை, ராக் பலகைகள் எல்லாம் காகிதத்தில் ராஸ்பெரி பையை மிஞ்சுபவை. ராக்சிப்பின் ஆர்கே3588 ஏவி1 முறையையும் வன்பொருளிலேயே விரிக்கும். ஆனால் சில்லில் திறமை இருப்பது வேறு, அதை லினக்ஸ் கருவகமும் ‘கோடி’யும் பயன்படுத்த முடிவது வேறு. பல பலகைகள் விற்பனைக்கு வந்து ஆண்டுக்கணக்கில் கழிந்த பிறகே மென்பொருள் ஒழுங்காகிறது. சில பலகைகளுக்கு அதற்குள் தயாரிப்பாளரே ஆர்வம் இழந்துவிடுகிறார். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பைக்குப் பொருந்தும் இயங்குதளம் இன்றும் வெளியாகிறது. டால்பி விஷன் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மட்டும் ஆம்லாஜிக் கருவிகளையும் அவற்றுக்கென உள்ள கோர்எலெக்கையும் தேடிப் போகலாம். ராஸ்பெரி பையில் எச்டிஆர்10 வரும், டால்பி விஷன் வராது. ஆண்ட்ராய்டு ஸ்டிக்குகளிலும் ‘கோடி’யை நிறுவலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கதவு திறந்திருப்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது: அமேசான் 2025இல் வேகா என்ற தன் புதிய இயங்குதளத்தோடு கொண்டுவந்த ஸ்டிக்கில் வெளிச் செயலிகளை ஏற்ற முடியாது.

இனி யார் எதை வாங்கலாம்? 1080பி வரைதான் படங்கள், டிவிடிகள்தான் அதிகம் என்றால் யாரோ மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கும் மூன்றாம் பையே போதும். புதிதாக வாங்குவதென்றால் 2 ஜிபி நினைவகம் உள்ள நான்காம் பை. படம் ஓட்டுவதற்கு 8 ஜிபி வாங்குவது வீண்செலவு, அதிலும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில். மெனு பளிச்சென்று நகர வேண்டும், 4கே திரை இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் செலவு பரவாயில்லை என்பவர்களுக்கு ஐந்தாம் பை, மின்விசிறியோடு.

ஆனால் பலகையைவிட அவசரமான காரியம் ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது. 2000களில் ஊர் ஸ்டுடியோக்கள் கொடுத்த கல்யாண விசிடிகளும் டிவிடிகளும் பெரும்பாலும் எழுதக்கூடிய வட்டுகள். அவற்றில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாயப் பூச்சு. அது ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. வெயிலும் ஈரமும் பட்டால் இன்னும் சீக்கிரம். கடையில் வாங்கிய பட டிவிடிகளில் இருப்பதுபோன்ற பூட்டு எதுவும் இவற்றில் கிடையாது; கணினியின் டிவிடி டிரைவில் போட்டு அப்படியே நகலெடுக்கலாம். முழு டிவிடி 4.7 ஜிபிதான், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருநூறு வட்டுகள் அடங்கும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மறுசுருக்கம் செய்யாதீர்கள். ஏற்கெனவே குறைந்த தெளிவில் உள்ளதை இன்னும் கெடுத்துவிடும். ஓட்டும்போது அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரிந்தால், பழைய கேமராக்கள் ஒற்றைவரி, இரட்டைவரி என்று பிரித்துப் பதிவுசெய்ததன் விளைவு அது. ‘கோடி’யில் டீஇன்டர்லேஸ் விருப்பத்தை இயக்கினால் மறையும். விஎச்எஸ் கேசட்டுகள் மட்டும் இருந்தால் அவற்றை மாற்றித்தரும் ஸ்டுடியோ உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

நகலெடுத்ததும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் மறுபிரதி ஒன்று எடுத்து, அதை வேறு வீட்டில், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பலகையை அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம்.